மேல்வரிசையில் ஏழு பொட்டு

எங்கள் அலுவலக ஆண்டு மலரில் ஈஸ்வரைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருக்கிறார்கள். தலைப்பு, 'இருளில் ஒரு விளக்கு'. உள்ளே தன்னம்பிக்கை என்ற சொல் நான்கு முறை வருகிறது, விடாமுயற்சி மூன்று முறை. அவன் என்ன வேலை செய்கிறான், அதை எப்படிச் செய்கிறான் என்று ஒரு வரி கூட இல்லை. போதாததற்குப் பக்கத்தில் என் படம் வேறு. கீழே 'உதவிக்கரம் நீட்டிய கனகா' என்று எழுதியிருக்கிறார்கள். படித்து முடித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுதிப் பழக்கப்பட்டவள் இல்லை நான். வயது நாற்பத்தொன்பது, அலுவலகக் கண்காணிப்பாளர் வேலை. எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று எல்லாரும் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான்.

காந்திகிராமத்துக்கும் சின்னாளபட்டிக்கும் நடுவில் ஒரு வீட்டு மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். மாவட்டத்து விவசாயிகள் மழை, விதை, கிணறு, மாடு என்று பேசுவதைப் பதிவு செய்து, பேசியதைப் பேசியபடியே எழுத்தில் கொண்டுவருவது எங்கள் வேலை. கேட்க எளிதாக இருக்கும். முன்பு இருந்த தட்டச்சர்கள் இரண்டு பேரும் 'செத்த நேரம்' என்று யாராவது சொன்னால் 'சிறிது நேரம்' என்று திருத்தி அடித்தார்கள். புரியாத சொல் வந்தால் அதை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்கள். இயக்குநர் இளஞ்செழியன் அதையெல்லாம் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஈஸ்வர் விண்ணப்பம் போட்டான்.

ஈஸ்வருக்கு முப்பத்தொரு வயது. சின்னாளபட்டிக்காரன். வீட்டில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறார்கள். ஏழு வயதில் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. தமிழில் எம்.ஏ. படித்திருக்கிறான். மனைவி சௌந்தர்யா பஸ் நிறுத்தத்துப் பக்கம் சின்னதாக ஒரு ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறாள். அவன் காது எப்படிப்பட்டது என்று முதல் நாளே தெரிந்துகொண்டேன். நான்கு பேர் கேட்டும் பிடிபடாத ஒரு சொல்லை ஒரே தடவை கேட்டுவிட்டு, "வெஞ்சனம்னு சொல்றாரு சார், வாயில வெத்தல இருக்கு" என்றான்.

இளஞ்செழியன் நல்ல மனிதர், யாருக்கும் இல்லை என்று சொல்ல வராது. "ரெண்டு மாசம் பழகுங்க. அப்புறம் ஒரு சோதனை. இருபது நிமிஷப் பதிவு, மூணு மணி நேரம். முடிச்சுட்டா வேலை உங்களுக்கு" என்றார். அதற்கு ஈஸ்வர் ஒரு நிபந்தனை போட்டான். அறைக்குள் அவன் மட்டும்தான் இருப்பான், யாரும் கூட உட்காரக் கூடாது.

எனக்கு அது வீம்பாகப் பட்டது. கேட்டேன். அப்போதுதான் முந்தைய வேலையின் கதையைச் சொன்னான். திண்டுக்கல்லில் ஒரு அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரமே அவனுக்கு உதவிக்கு என்று ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்தார்களாம். நல்ல பெண். அவன் கேட்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் செய்துவிடுவாள். அவன் சொல்லச் சொல்ல அடிப்பாள், பிறகு அவன் சொல்லாமலே அடிப்பாள். பதினாலு மாதம் கழித்து மேலாளர் கூப்பிட்டு, வேலையை அந்தப் பெண்தானே பார்க்கிறது, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று அனுப்பிவிட்டார்.

"பக்கத்துல ஆள் உக்காந்தா வேல போயிருங்கக்கா. இன்னைக்கு இல்லாட்டி ஒரு வருசம் கழிச்சுப் போகும். இந்த வாட்டி நான் தனியாத்தான் செய்யணும்."

அவனுக்குப் பிறத்தியார் செய்த நல்லதெல்லாம் இந்த மாதிரிதான். ஒரு நாள் திண்டுக்கல் பஸ் நிலையத்தில் சின்னாளபட்டி டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தவனை ஒருவர் கையைப் பிடித்து விறுவிறுவென்று இழுத்துப்போய், பஸ்ஸில் ஏற்றி, சன்னலோரத்தில் இருந்த ஆளை எழுப்பிவிட்டு உட்கார வைத்து, "பத்திரமா போங்க தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அது நத்தம் பஸ். எங்கே போக வேண்டும் என்று அந்த மனிதர் கேட்கவே இல்லை. இதை ஈஸ்வர் சொன்னபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

இனி அந்த லேப்டாப்புக்கு வருகிறேன். அது அவன் சொந்த லேப்டாப், யாரோ வைத்திருந்து கைமாறியது. அதில் விண்டோஸுக்குப் பதிலாக, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் போட்டிருந்தான். திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கிற குரல் அதிலேயே வருகிறது, தனியாக வாங்க வேண்டியதில்லை. நிறுவும்போதே அந்தக் குரலை எழுப்பிவிட முடியும் என்பதால் யார் தயவும் இல்லாமல் அவனே நிறுவிக்கொண்டான். மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு ரோபோக் குரல். முதல் வாரம் எனக்குத் தலைவலி வந்தது.

எல்லாம் சரியாக இருந்தது, மேல்வரிசைப் பட்டன்கள் மட்டும் வேலை செய்யவில்லை. சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது, பதிவை நிறுத்தி ஓட்டுவது, பின்னால் போவது, முன்னால் போவது எல்லாமே அந்த வரிசையில்தான் இருக்கின்றன. லினக்ஸ் போட்ட பிறகு அதில் ஒன்றும் அசையவில்லை. திரை வெளிச்சத்தைக் கூட்டும் பட்டனும் குறைக்கும் பட்டனும் மட்டும் அச்சாக வேலை செய்தன. அவனுக்கு ஒரு பயனும் இல்லாத இரண்டு பட்டன்கள். எனக்குக் கேட்டதுமே பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பட்டன்கள் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாதா என்றால், முடியும். விவசாயி ஒரு வாக்கியம் பேசுவார். எழுதுகிற பக்கத்தை விட்டு வெளியேறி, பதிவு ஓடுகிற பக்கத்துக்குப் போய், நிறுத்தி, திரும்பி வந்து, அடித்து, மறுபடி போக வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு இந்த நடை. இருபது நிமிடப் பதிவுக்கு முழு நாள் ஆனது. வேறு ஏதாவது பட்டனை இதற்குப் பழக்கிக்கொள்ளலாமே என்று நான் யோசனை சொன்னேன்.

"மத்த கீயெல்லாம் தமிழ் அடிக்கவும் அந்தக் குரலுக்கு உத்தரவு போடவும் போயிருச்சுக்கா. மேல்வரிசை மட்டுந்தான் சும்மா கெடக்கு" என்றான்.

திண்டுக்கல்லில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் டோனியிடம் நானே அவனோடு போனேன். டோனி லேப்டாப்பைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "இவருக்கு எதுக்கு மேடம் இதெல்லாம்? இது ஓசி சிஸ்டம். இதுல ஃபங்ஷன் கீயெல்லாம் வராது. விண்டோஸ் போட்டு விட்டுர்றேன், அவருக்கு என்ன வேணும்னு நீங்க சொல்லுங்க" என்றான்.

"அவருக்கு என்ன வேணும்னு அவருகிட்ட கேளுப்பா" என்று நான் கத்தினேன். ஈஸ்வர் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தான். திரும்பும் வழியில் பஸ்ஸில், "கேக்குறதுக்கு நான் வாயத் தொறக்குறதுக்குள்ள நீங்க கத்திட்டீங்கக்கா" என்றான். நன்றி சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அன்றைக்கு அந்த மட்டில்தான் இருந்தது.

அடுத்த ஐந்து வாரம் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அந்த மேல்வரிசையோடுதான் அவனுக்குப் போராட்டம். ஒவ்வொரு பட்டனும் அழுத்தும்போது உள்ளே ஒரு எண்ணை அனுப்புமாம். அந்த எண் எந்தப் பட்டன் என்று சிஸ்டத்துக்குத் தெரிந்தால் வேலை நடக்கும். தெரியாவிட்டால் தன் நடப்புக் குறிப்பில் எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருக்கும். அந்தக் குறிப்பை ரோபோக் குரல் எங்களுக்கு வாசித்துக் காட்டியது. தெரியாத கீ ஒன்று அழுத்தப்பட்டிருக்கிறது, இன்ன எண், இதைத் தெரிந்ததாக்க இப்படிச் செய்யவும் என்று இங்கிலீஷில் சொன்னது.

"பாத்தீங்களா, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுது. டோனிக்கு அது சொல்ல வரல" என்றான் ஈஸ்வர்.

ஒரு கோப்பில் எண்ணுக்கு நேராகப் பட்டனின் பெயரை எழுதினான். வரிசையாக நிறுத்துவது, பின்னால், முன்னால் மூன்றும் உயிர் பெற்றன. சத்தத்தைக் கூட்டும் பட்டன் வேலை செய்த அன்று வேறு வகையான கூத்து. ஒரே ஒரு தடவைதான் அழுத்தினான். சத்தம் ஏறிக்கொண்டே போனது, நிற்கவில்லை. ஒட்டன்சத்திரத்து வெங்காய வியாபாரி ஒருவர் எங்கள் மாடியிலிருந்து தெருவுக்கே கேட்கப் பேசினார். வாட்ச்மேன் வீரப்பன் கம்போடு மேலே ஓடி வந்தார். பட்டனை அழுத்தியது சிஸ்டத்துக்குத் தெரிகிறது, விரலை எடுத்தது தெரியவில்லை. அதனால் இன்னும் அழுத்திக்கொண்டே இருப்பதாக நினைத்து அது ஏற்றிக்கொண்டே போகிறது. இதைக் கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டு நாள் ஆனது. சரிசெய்ய ஒரே ஒரு குறி போதுமாக இருந்தது. பெயருக்கு முன்னால் ஒரு ஆச்சரியக்குறி.

சத்தத்தை அடியோடு நிறுத்துகிற ம்யூட் பட்டன் மட்டும் கடைசி வரை திருந்தவில்லை. ஒரு தடவை அழுத்தினால் எல்லாச் சத்தமும் போய்விடும், மறுபடி அழுத்தினால் திரும்ப வராது. நமக்கென்றால் திரை ஓரத்தில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கிச் சரிசெய்துவிடலாம். அவனுக்கோ சத்தம் போனால் திரையே போன மாதிரி. அதற்கும் வழி வைத்திருந்தான். திரையில் கட்டளை அடிக்கிற கறுப்புப் பெட்டியைத் திறந்து, ஒரு வரியை மனப்பாடமாக அடித்து, என்டர் தட்டினால் சத்தம் வந்துவிடும். ஒரு ஒலியும் இல்லாமல், ஒரு எழுத்தும் பிசகாமல் அடிக்க வேண்டும். எனக்கு ஒரு தடவை செய்து காட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

சோதனை கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு. நான் ஒன்பதே காலுக்கே வந்துவிட்டேன். ஈஸ்வர் எனக்கு முன்னால் வந்து லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு எதிர்த்தாற்போல் இருக்கும் டீக்கடைக்குப் போயிருந்தான். அறைக்குள் எட்டிப் பார்த்தேன். லேப்டாப்பின் மேல்வரிசை நெடுக ஒட்டுப் பொட்டு. சிவப்பு, பச்சை, கல் வைத்தது, வைக்காதது என்று ஏழு பொட்டு.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இது முகேஷ்குமாரின் வேலைதான் என்று ஒரு நொடியில் முடிவு செய்துவிட்டேன். முகேஷ்குமார் எங்களுக்காக ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்கிறவன், இருபத்தாறு வயது, எந்நேரமும் விளையாட்டு. போன பொங்கலுக்கு வீரப்பனுடைய அடையாள அட்டைப் படத்தில் நெற்றியில் பொட்டு வைத்து, காதில் கம்மல் வரைந்துவிட்டான்; மனுஷன் தெரியாமல் அதை ஒரு வாரம் மாட்டிக்கொண்டு திரிந்தார். அதே பயல் இன்றைக்குப் பார்வை இல்லாதவனின் லேப்டாப்பில், அதுவும் சோதனை நாளில், பொட்டு ஒட்டிக் கேலி செய்கிறான். பார்க்க முடியாதவன்தானே என்ற தைரியம்.

ஏழு பொட்டுகளையும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். பசை போகவில்லை. சாமி பட விளக்குக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தேன். பட்டனெல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது. அப்புறம் கீழே போய் முகேஷ்குமாரை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். "அக்கா, சத்தியமா நான் இல்லக்கா" என்று மூன்று முறை சொன்னான். மூன்று முறையும், "பொய் சொல்லாதடா" என்றேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு மாடிக்கு வந்து என் மேசையில் உட்கார்ந்தேன். என் மேசை அந்த அறைக் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பத்து மணிக்கு இளஞ்செழியன் ஈஸ்வரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். பதிவில் வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் முருங்கை பற்றிப் பேசுவது வெளியே கேட்டது. ஈஸ்வர் காதில் மாட்டிக் கேட்கிற பழக்கம் இல்லாதவன். காதையும் அடைத்துக்கொண்டால் யார் வந்து நிற்கிறார்கள் என்று தெரியாமல் போய்விடும் என்பான். விவசாயி பேசுவார், நிற்பார், தட்டுகிற சத்தம் வரும், ரோபோக் குரல் வாசிக்கும், மறுபடி விவசாயி. ஆனால் பழக்க நாட்களில் இருந்த வேகம் இல்லை. விவசாயி திடீரென்று சத்தமாகப் பேசினார், திடீரென்று நடுவில் எங்கோ தாவினார். என்னவோ சரியில்லை என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். எல்லாச் சத்தமும் ஒரேயடியாக நின்றது. விவசாயியும் இல்லை, ரோபோவும் இல்லை. தட்டுகிற சத்தம் மட்டும் மெதுவாக, விட்டு விட்டுக் கேட்டது. ஒரு நிமிடம் பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு போனேன்.

"சத்தம் போயிருச்சா தம்பி? இரு, இரு, நான் போட்டு விடுறேன்" என்று அவன் கைக்கு மேலே என் கையை நீட்டி, ஓரத்தில் இருந்த படத்தைச் சொடுக்கினேன். முருங்கைக்காரர் திரும்ப வந்தார். ஈஸ்வர் இரண்டு கையையும் பட்டன்களிலிருந்து எடுத்து அப்படியே காற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

என் பின்னாலேயே இளஞ்செழியனும், முகேஷ்குமாரோடு அலுவலகத்து ஆட்களும் வந்திருந்தார்கள். "நல்ல வேளை, நீங்க பக்கத்துல இருந்தீங்க" என்றார் இயக்குநர் என்னிடம். பிறகு ஈஸ்வரின் தோளைத் தட்டி, "இனிமே சோதனையெல்லாம் வேண்டாம் தம்பி. வேல உங்களுக்குத்தான். கனகா மேடம் தினமும் உங்க பக்கத்துல உக்காந்துக்கட்டும், தேவப்படுறப்ப உதவுவாங்க" என்றார். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். யாரோ படம் எடுத்தார்கள். ஆண்டு மலரில் வந்திருப்பது அந்தப் படம்தான். அதில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஈஸ்வர் கை தட்டல் அடங்கும் வரை பொறுத்திருந்தான். "கீ மேல இருந்த பொட்டெல்லாம் யாரு எடுத்தது?" என்று கேட்டான்.

முகேஷ்குமார் என்னைப் பார்த்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான் தம்பி. உன்னயக் கேலி பண்றாய்ங்கன்னு..."

"நானும் சௌந்தர்யாவும் நேத்து ஒட்டுனது. அவ கடைல இருந்த பொட்டுதான். நம்ம லேப்டாப்புல மேல்வரிசை பூராம் ஒரே சமதளமா இருக்கு, தடவுனா எது எதுன்னு தெரியாது. அஞ்சு கீக்கு அஞ்சு பொட்டு. ம்யூட்டுக்கு மட்டும் ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு. கை பட்டதும் தடிப்பாத் தெரியும், தொடக் கூடாதுன்னு. உள்ள போயி உக்காந்து தடவுறேன், ஒண்ணையும் காணோம். எண்ணெ வழுக்குது. முத நிமிசமே வெளிய வந்து கேட்டா, இவனுக்கு ஆள் வேணும்னு சொல்லுவீங்க. அதான் முன்ன மாதிரி ஓரத்துலருந்து கீய எண்ணி எண்ணி அடிச்சேன். கை வழுக்கி ம்யூட்ல பட்டுருச்சு."

நான் வாயைத் திறந்தேன். அவன் விடவில்லை.

"பட்டா என்ன? கட்டளைய அடிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னும் ஒரே ஒரு வார்த்த. அதுக்குள்ள வந்து கைய வச்சுட்டீங்க. கேலியே பண்ணட்டும், நான் எதுத்த கடைலதானே இருந்தேன்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? சண்ட போட எனக்கு வாயில்லயா?"

பிறகு இயக்குநர் பக்கம் திரும்பினான். "ஆளோட குடுக்குற வேல எனக்கு வேண்டாம் சார். திரும்பச் சோதன வைங்க. இல்லாட்டி நான் வாரேன்."

இளஞ்செழியன் காலண்டரைப் பார்த்தார். திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்.

எனக்கு அன்றைக்கு ஈஸ்வர் மேல் வந்த கோபத்தைச் சொல்லாவிட்டால் நான் எழுதுகிற இதுவும் ஆண்டு மலர் மாதிரிதான் ஆகிவிடும். இவனுக்காக ஒரு பையனை ஊரே பார்க்க அவமானப்படுத்தினேன், இவனுக்காக டோனியிடம் கத்தினேன், இவன் என்னை எல்லார் முன்னாலும் இப்படிக் கேட்கிறானே என்று பஸ்ஸில் பொருமிக்கொண்டே போனேன். வெள்ளிக்கிழமை அவனோடு பேசவில்லை. சனிக்கிழமை துணி துவைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நத்தம் பஸ்ஸில் அவனை ஏற்றிவிட்ட மனிதரும் அன்றைக்கு வீட்டுக்குப் போய், ஒரு புண்ணியம் செய்தேன் என்று திருப்தியோடுதான் சாப்பிட்டிருப்பார். அந்த ஆள் யாரோ இல்லை, நான்தான். துணியை வாளிக்குள்ளேயே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். அதுவரை நான் யார் யார் மேலோ கோபப்பட்டிருக்கிறேன். என் மேலேயே அவ்வளவு கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை காலை முகேஷ்குமாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, நான் வழக்கமா பண்றவன்தானே" என்றான். ஈஸ்வரிடமும் கேட்டேன். "சரிக்கா" என்றான், அவ்வளவுதான். அவன் லேப்டாப்பில் ஏழு பொட்டும் புதிதாக ஒட்டியிருந்தன. இந்த முறை அவன் அதைக் கையை விட்டு இறக்கவே இல்லை. இயக்குநரிடம், "தீப்பிடிச்சாலும் மூணு மணி நேரம் கதவத் தொறக்கக் கூடாது சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

பதிவு நத்தத்தைச் சேர்ந்த செல்லக்கிளி என்ற அம்மாள் புளியந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பழம் உலுக்கியதைப் பற்றிப் பேசியது. படபடவென்று பேசுகிற அம்மாள், பாதிச் சொல்லை முழுங்கிவிடுவார். அன்றைக்கு அந்த அறையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். செல்லக்கிளி ஒரு வாக்கியம், நிறுத்தம், மளமளவென்று தட்டல், ரோபோக் குரல், கொஞ்சம் பின்னால் போய் மறுபடி செல்லக்கிளி. இடையில் ஒரு நொடி வீணாகவில்லை. ஒன்றரை மணி நேரம் அப்படியே போனது. நான் என் மேசையில் ஒரு வேலையும் பார்க்கவில்லை. எழுந்து கதவுக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

நின்ற கொஞ்ச நேரத்தில் எல்லாச் சத்தமும் போய்விட்டது.

என்னையறியாமல் என் கை கதவின் கைப்பிடிக்குப் போனது. பிடித்தும்விட்டேன். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மெதுவாக ஒரு தட்டல், இன்னொன்று. ஒரு எழுத்து பிசகினால் போச்சு என்று இப்போது எனக்குத் தெரியும். திறந்தால் இரண்டு விநாடி வேலை, ஓரத்துப் படத்தை ஒரு தடவை சொடுக்கினால் போதும். இன்னொரு கையால் என் கையைப் பிடித்துக் கைப்பிடியிலிருந்து எடுத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என்டர் தட்டியது பலமாகக் கேட்டது. "பழத்த உலுக்கையில கீழ ஆளு நிக்கப்படாது" என்று செல்லக்கிளி பாதியில் விட்ட வாக்கியத்தைப் பிடித்தார். நான் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன்.

மூன்று மணி நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போதே ஈஸ்வர் கதவைத் திறந்தான். இளஞ்செழியன் பதிவை ஓடவிட்டு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்று பிழைகள். பழைய தட்டச்சர்களுக்கு ஒரு பக்கத்துக்கே அதைவிட அதிகம் வரும். அங்கேயே உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அதில் உதவியாளர் என்று ஒரு சொல் இல்லை. முகேஷ்குமார் ஓடிப் போய் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தான்.

நான் ஈஸ்வருக்கு எதிரில் போய் நின்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"சத்தம் போச்சுல்ல தம்பி, அப்ப நான் கதவுகிட்டதான் நின்னேன். உள்ள வரவே இல்ல, பாத்தியா."

"தெரியும்க்கா. ஒங்க வளையல் சத்தம் கேட்டுச்சு" என்றான். "எங்க உள்ள வந்துருவீங்களோன்னு பயந்துதான் கை தப்பி ம்யூட்ல பட்டுச்சு."